முப்பத்தாறு புள்ளி அஞ்சு

இந்த அறையில் எனக்கு டிகிரி என்று பெயர். கல்லூரி முடித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் வைத்தது. வயது இருபத்தேழு. இருக்கும் இடம் தொழிலாளர் விடுதி, மூன்றாவது மாடி, ஏழாம் எண் அறை, மேல் கட்டில். இதை நான் கையால் எழுதவில்லை. வாயால் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை சோப்பு போட்டதில் விரல் நுனியெல்லாம் உலர்ந்த திராட்சையாகிவிட்டது. தொட்டால் போனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

அம்மா, அக்கா, அப்புறம் அவள், மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். இதே அறையில் இருக்கும் மச்சான், அவளுடைய அண்ணன், ஏற்கெனவே ஒரு கதை சொல்லியிருப்பார். அது அவருடைய கதை. நடந்தது இது.

வாட்ச்மேன் அன்று காலையில் கதவைத் தட்டிவிட்டு நாலடி தள்ளி நின்றார். துடைப்பக் கட்டையால் ஒரு நீள வெள்ளைப் பெட்டியை உள்ளே தள்ளினார். மேலே தெர்மாமீட்டர் படம் போட்ட ஸ்டிக்கர்.

“ரூமுக்கு ஒண்ணு. காலையில எட்டு மணி, சாயங்காலம் ஆறு மணி. அஞ்சு பேருக்கும் பாத்து நர்ஸ் மேடம் நம்பருக்கு அனுப்பணும். பதினாலு நாள் ஒழுங்கா வந்தா பச்சை அட்டை. பச்சை அட்டை இருந்தாத்தான் ஃப்ளைட்.”

“எவ்வளவு இருக்கணும்ணே?” என்றேன்.

“முப்பத்தாறு புள்ளி அஞ்சு இருந்தா நல்ல உடம்புன்னு சொன்னாங்க.”

அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. படித்தவனாம்.

என் டிக்கெட் சரியாகப் பதினைந்தாம் நாள். அவளுக்குப் பிரசவத்துக்கு டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி அதற்கு அடுத்த வாரம். இந்த விமானத்தை விட்டால் அடுத்தது எப்போது என்று அந்த விமானத்துக்கே தெரியாது. ஆகவே பெட்டியை எடுக்கப் பாய்ந்தேன்.

“தொடாதே!” என்று ஒரு அலறல்.

அலறியவர் பிளம்பர். இந்த நோய் வந்த நாளிலிருந்து அவர் பெயர் சோப்பு. செருப்பைக் கழுவுவார், சாவியைக் கழுவுவார், சோப்புப் பெட்டியையே சோப்பு போட்டுக் கழுவுவார்.

“வெளியிலேர்ந்து வந்த பொருள். மூணு நாள் அலமாரி மேல கிடக்கட்டும். கிருமி பட்டினியிலயே சாவும்.”

“சாயங்காலம் ஆறு மணிக்கு நம்பர் அனுப்பணும்ணே.”

“உனக்கு நம்பர் முக்கியமா, உசுரு முக்கியமா?”

எனக்கு இரண்டும்தான் முக்கியம். ஆனால் நடுக்கட்டிலில் இருந்த வெல்டர் அண்ணன் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அவர் எழுந்தால் பேச்சு ஒரே பக்கம்தான் போகும்.

“நோயே இல்லேங்கிறேன். ஒண்ணும் இல்லாததை எதை வெச்சுடா அளப்பே?”

கடைசியில் பெட்டி அலமாரி மேல் ஏறியது. ஆறு மணிக்கு நான் வேறு வழி பார்த்தேன். அம்மா, சின்ன வயதில் நீ புறங்கையை என் கழுத்தில் வைத்துப் பார்ப்பாயே, அதேபோல் ஒவ்வொருவர் கழுத்திலும் வைத்தேன். சோப்பு தொட விடவில்லை. அவரைத் தூரத்தில் இருந்தபடியே பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தார். எல்லோருக்கும் முப்பத்தாறு புள்ளி ஐந்து என்று அனுப்பினேன்.

மூன்று நாள் முடிந்தது. சோப்பு அலமாரி மேல் ஏறி, பாதுகாப்புக்காக ஒரு தடவை மருந்து அடித்தார். பெட்டி நனைந்துவிட்டது. “ஈரத்துல கிருமி தங்கும்” என்று மறுபடி மூன்று நாள். அதற்குள் எதிர்க்கட்டில் சமையல்காரர் ஒரு கேள்வி கேட்டார்.

“ஏன் தம்பி, அஞ்சு வாய்க்கு ஒரே குழாயா? யாரு வாயில மொதல்ல போகும், யாரு வாயில கடைசியாப் போகும்?”

அன்றோடு பெட்டியைப் பற்றிய பேச்சே நின்றுபோயிற்று.

ஆறாம் நாள் நர்ஸ் மேடம் போன் செய்தார்.

“ஏழாம் நம்பர் ரூமா? ஆறு நாளா அஞ்சு பேருக்கும் முப்பத்தாறு புள்ளி அஞ்சு. காலையிலயும் அதே, சாயங்காலமும் அதே. நீங்க என்ன மனுஷங்களா, ஃப்ரிட்ஜா?”

“எல்லாரும் நல்லா இருக்கோம் மேடம்.”

“நல்லா இருந்தாலும் ஏறும், இறங்கும். அதுக்குப் பேருதான் உடம்பு. எட்டாம் நம்பர் ரூமைப் பாரு, எவ்வளவு அழகா ஏறி இறங்குது! நான்கூட தினமும் ஆபீஸ் வாசல்ல பாத்து ரிஜிஸ்டர்ல எழுதிட்டுத்தான் சீட்ல உக்கார்றேன். எனக்கு முடியுது, உங்களுக்கு முடியாதா? இன்னொரு தடவை ஒரே நம்பர் வந்துச்சுன்னா சிவப்பு அட்டைதான்.”

சிவப்பு என்றால் விமானம் இல்லை. உடனே ஏறி இறங்கும் எண்கள் வேண்டும். வாய்க்கு வந்ததைச் சொன்னால் மறுபடி மாட்டிக்கொள்வேன். ஒரு முறை வேண்டும் என்று யோசித்தேன். மேல் கட்டிலில் படுத்துக்கொண்டு கீழே பார்த்தால் நாலு பேரும் தெரிந்தார்கள். அவரவர் அவரவர் வேலையில் மும்முரமாக இருந்தார்கள்.

சோப்பு கழுவிக்கொண்டிருந்தார். சமையல்காரருக்கு வாசனை போய்விடுமோ என்று பயம், நறுக்கிய வெங்காயத்தைத் தலையணை பக்கத்தில் வைத்து அடிக்கடி மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெல்டர் அண்ணன் சுவரைப் பார்த்து “ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்று சொல்லிக்கொண்டிருந்தார். மச்சான் கீழ்க்கட்டிலில் கால்மேல் கால் போட்டு, யாரோ அனுப்பிய செய்தியை யாருக்கோ அனுப்பிக்கொண்டிருந்தார். வெந்நீரில் நோய் சாகும், வெந்நீரில்தான் நோய் வளரும், இரண்டையும் ஒரே நிமிடத்தில் அனுப்புவார். படித்துப் பார்க்கும் பழக்கமெல்லாம் கிடையாது.

எனக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. புத்தி கெட்டவனுக்குப் படிப்பும் சேர்ந்தால் இப்படித்தான்.

முப்பத்தாறை எல்லோருக்கும் பொதுவாக வைத்துக்கொண்டேன். புள்ளிக்குப் பின்னால் வருவதை அவரவர் செய்கையை எண்ணிப் போட்டேன். மச்சான் நாலு செய்தி அனுப்பினால் முப்பத்தாறு புள்ளி நாலு. வெல்டர் அண்ணன் ஆறு தடவை ‘ஒண்ணும் இல்ல’ என்றால் புள்ளி ஆறு. சமையல்காரருக்கு வெங்காயம். சோப்புக்கு மட்டும் பத்துக் கழுவலுக்கு ஒரு புள்ளி, இல்லாவிட்டால் மனிதர் கொதித்துவிடுவார். எனக்கு, நான் டிக்கெட்டில் தேதியை எத்தனை தடவை எடுத்துப் பார்த்தேன் என்ற கணக்கு.

மூன்று நாள் அருமையாகப் போயிற்று. நர்ஸ் மேடம் கட்டைவிரல் படம்கூட அனுப்பினார். பொய் சொல்வதிலும் ஓர் ஒழுங்கு இருந்ததால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

பத்தாம் நாள் காலையில் பின்வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. டிரைவர் டீ குடிக்க நிறுத்தினார் என்பது பிறகு தெரிந்தது. ஆனால் அவர் டீயை ஆற்றிக் குடிப்பதற்குள் அறுபது அறையும் கொதித்துவிட்டது. சோப்பு குழாயடியை விட்டு நகரவில்லை. வெங்காயம் மூக்கை விட்டு இறங்கவில்லை. வெல்டர் அண்ணன் ஜன்னலில் எட்டிப் பார்த்து, பார்த்ததும் தலையை உள்ளே இழுத்து, “ஒண்ணும் இல்ல” என்றார். மச்சான் பதினெட்டுச் செய்தி அனுப்பினார்.

எட்டு மணி ஆகிவிட்டது. அவசரத்தில் எண்ணியதை எண்ணியபடியே போனிடம் சொல்லிவிட்டேன். மச்சான், முப்பத்தாறோடு ஒன்று புள்ளி எட்டு, முப்பத்தேழு புள்ளி எட்டு. அது போயே போய்விட்டது.

நர்ஸ் மேடம் என்னிடம் பேசவில்லை. நேராக மச்சானுக்கே போன்.

“உங்களுக்குக் காய்ச்சல். படுக்கையை விட்டு எழுந்திரிக்காதீங்க. யார் பக்கத்துலயும் போகாதீங்க.”

மச்சான் போனை வைத்தார். அப்புறம் நடுங்க ஆரம்பித்தார்.

“மாப்ள, குளிருது மாப்ள.”

“மச்சான், உங்களுக்கு ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கீங்க.”

“நீதானே மாப்ள பாத்து எழுதுனே? படிச்ச பையன் தப்பா எழுதுவியா?”

எப்போது என் வாயில் தெர்மாமீட்டரை வைத்தாய் என்றுகூட அவர் கேட்கவில்லை. எண் வந்துவிட்டது, அவருக்கு அது போதும்.

நோயே இல்லை என்ற வெல்டர் அண்ணன்தான் முதலில் மெத்தையைச் சுருட்டினார்.

“எங்கண்ணே?”

“வராண்டாவுக்கு. இங்க காத்து வரல.”

“நோய்தான் இல்லையே?”

“நோய் இல்லதான்டா. காத்து வேணாமா?”

சோப்பு, மச்சானின் செருப்பு, தட்டு, டம்ளர் எல்லாவற்றையும் கழுவிவிட்டு, அடுத்து மச்சானையே ஒரு பார்வை பார்த்தார். சமையல்காரர் வெங்காயத்தை மோந்து, “எனக்கு வாசனையே வரல” என்று அழுதார். அது நாலு நாள் பழைய வெங்காயம்.

மத்தியானம் அவள் போன் செய்தாள். நீங்கள் எல்லோரும் பக்கத்தில்தான் இருந்தீர்கள், ஞாபகம் இருக்கும்.

“எங்க அண்ணனுக்குக் காய்ச்சலாமே! பக்கத்துலயே இருந்து என்னதான் பாத்தீங்க?”

“அதெல்லாம் இல்லம்மா, சும்மா ஒரு நம்பர்...”

“நம்பரா? எங்க அண்ணன் உங்களுக்கு நம்பரா? புள்ள முகத்தை அப்புறம்கூடப் பாத்துக்கலாம். எங்க அண்ணனைக் கூட்டிட்டு வர்றதா இருந்தா வாங்க.”

பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. “டேய், நீ அவர் பக்கத்துல படுக்காதே.” மருமகள் காதில் விழும்படியே சொன்னாய் அம்மா.

மச்சானுக்குக் காய்ச்சல் இறங்கினால்தான் எனக்கு விமானம். காய்ச்சல் இறங்க வேண்டுமானால் அவர் செய்தி அனுப்பக் கூடாது. மறுநாள் அவர் அசந்த நேரம் பார்த்து போன் சார்ஜரை எடுத்து என் தலையணை உறைக்குள் போட்டுவிட்டேன். போன் படுத்தது. பன்னிரண்டாம் நாள் காலையில் அவர் கணக்கு பூஜ்யம். முப்பத்தாறு புள்ளி பூஜ்யம் என்று நிம்மதியாக அனுப்பினேன்.

ஐந்தாவது நிமிடம் போன்.

“முப்பத்தேழு எட்டுல இருந்த ஆளு எப்படி முப்பத்தாறுக்கு வந்தாரு? நாங்க மருந்தே அனுப்பலையே. என்ன குடுத்தே?”

எதிரே சமையல்காரர் புது வெங்காயத்தோடு நின்றார்.

“வெங்காயம், மேடம்.”

“என்னது?”

“வெங்காயம். மோந்து பாக்கச் சொன்னோம்.”

போர்வைக்குள் இருந்து மச்சான் தலையை நீட்டினார். பிறகு வராண்டாவுக்கு நடந்தே போய், வெல்டர் அண்ணனின் போனை வாங்கினார். ஒரு நாள் முழுக்க அடக்கி வைத்தவர் போல ஒரே மூச்சில் நாற்பது பேருக்கு அனுப்பினார். ‘ஏழாம் நம்பர் ரூமில் வெங்காயத்தால் உயிர் பிழைத்தேன். இது என் சொந்த அனுபவம்.’

சாயங்காலத்துக்குள் கீழே கடையில் வெங்காயம் இல்லை. சாக்கும் இல்லை, யாரோ மோந்து பார்க்க எடுத்துப் போய்விட்டார்கள். அறுபது அறையிலிருந்தும் நர்ஸ் மேடத்துக்குப் போன் போனது. மருந்து வேண்டாம், வெங்காயம் அனுப்புங்கள் என்று. இரவு எட்டு மணிக்கு அவரிடமிருந்து எனக்கு ஒரே வரி வந்தது. ‘நாளைக்கு நேரில் வருகிறேன்.’

பதிமூன்றாம் நாள். நீல உடையில் தலை முதல் கால் வரை மூடிக்கொண்டு நர்ஸ் மேடம் வந்தார். கண் மட்டும் தெரிந்தது, அதுவும் கோபமாக இருந்தது. பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு ஆம்புலன்ஸ் டிரைவர், அன்றைக்கு டீ குடித்தவரேதான். கதவருகில் வாட்ச்மேன்.

“அஞ்சு பேரும் வரிசையா நில்லுங்க. பொய்யா நிஜமான்னு இப்பவே பாத்துரலாம். தப்பா இருந்துச்சுன்னா ரூமையே இருபத்தெட்டு நாள் பூட்டிருவேன்.”

இருபத்தெட்டு நாள். அதற்குள் பிள்ளை பிறந்துவிடும்.

“நெத்தியில காட்டுற துப்பாக்கி கொண்டு வந்திருக்கீங்களா மேடம்?” என்று சோப்பு கேட்டார். “அதுன்னா வாயில வைக்க வேண்டாம்.”

“ஊருக்கே ஒண்ணுதான் இருக்கு. அது பெரிய டாக்டர் கையில. உங்களுக்குத்தான் ஒண்ணு குடுத்திருக்கோமே, அதை எடுங்க.”

எல்லோரும் அலமாரியைப் பார்த்தோம். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் ஏறி எடுத்தேன். நனைந்து காய்ந்து பெட்டி உப்பியிருந்தது. ஆனால் ஸ்டிக்கர் கிழியவில்லை. நர்ஸ் மேடம் அந்த ஸ்டிக்கரை விரலால் தடவினார்.

“பிரிக்கவே இல்லையா?”

அவரே கிழித்தார். மூடியைத் திறந்தார்.

உள்ளே ஒரு பல் துலக்கும் பிரஷ் இருந்தது. குழந்தைகளுக்கானது. மஞ்சள் நிறம், பிடியில் ஒரு யானை.

முதலில் பேசியவர் சோப்பு. “இதுக்கா நான் ஆறு நாள் பட்டினி போட்டேன்?”

நர்ஸ் மேடம் பிரஷைத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டினார். “பதிமூணு நாளா இதுலயா காய்ச்சல் பாத்தே?”

இனிமேல் மறைக்க ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கழுவல், வெங்காயம், ‘ஒண்ணும் இல்ல’, தலையணைக்குள் சார்ஜர் எல்லாமே. சொல்லி முடித்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். வெல்டர் அண்ணன் விரல்விட்டு எண்ணி, “நான் அத்தனை தடவையா சொல்றேன்?” என்று தனக்குள் கேட்டுக்கொண்டார்.

மச்சான் மெதுவாக நிமிர்ந்தார்.

“அப்ப எனக்குக் காய்ச்சலே வரலையா?”

“இல்ல மச்சான். பதினெட்டு மெசேஜ்தான் வந்துச்சு.”

“மூணு நாளா நடுங்கினேனே மாப்ள! பிழைச்சு வேற வந்தேனே!” காய்ச்சல் இல்லை என்றதும் மனிதருக்கு முகம் இப்படி வாடி நான் பார்த்ததில்லை.

“வெக்கமா இல்லையா?” என்றார் நர்ஸ் மேடம். “நாடே உசுரைக் கையில புடிச்சுக்கிட்டு இருக்கு, நீ கட்டில்ல படுத்துக்கிட்டு இஷ்டத்துக்கு நம்பர் போடுறே. மத்த ரூம்ல எல்லாம் எவ்வளவு ஒழுங்கா...”

“மேடம்,” என்று வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். “அறுபது ரூமுக்கும் ஒரே அட்டைப்பெட்டியிலேர்ந்து எடுத்துத்தான் குடுத்தேன்.”

எட்டாம் எண் அறையின் கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. ஆனால் நர்ஸ் மேடம் மனம் தளரவில்லை. பையிலிருந்து சிவப்பு அட்டைக் கட்டையே வெளியே எடுத்தார்.

“அப்ப அறுபது ரூமுக்கும் சிவப்பு. ஒருத்தரும் ஃப்ளைட் ஏற முடியாது. திறந்தே பாக்காம நம்பர் எழுதுறவங்களை மன்னிக்கவே மாட்டேன்.”

முதல் அட்டையில் ‘அறை எண் ஏழு’ என்று எழுதினார். கீழே கையெழுத்துப் போடப் பேனாவை வைத்தார். எனக்குக் குழந்தை, விமானம், அவள் முகம் எல்லாம் ஒன்றாகக் கண்ணுக்கு முன்னால் வந்து ஒன்றாக அணைந்தன.

அதுவரை பிரஷையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த டிரைவர், எந்தக் கள்ளமும் இல்லாமல் கேட்டார்.

“மேடம், நம்ம ஆபீஸ் வாசல்ல இருக்கிறதும் இதே பெட்டிதானே? ஸ்டிக்கர்கூட இன்னும் கிழியலையே. அதுல பாத்துத்தானே நீங்க தினமும் ரிஜிஸ்டர்ல முப்பத்தாறு புள்ளி அஞ்சுன்னு எழுதுறீங்க?”

பச்சை அட்டை எந்தப் பையில் இருக்கிறது என்று மட்டும் நர்ஸ் மேடம் டிரைவரிடம் கேட்டார். அறுபது எடுத்துக் கொடுத்தார்.

நாளை காலை கிளம்புகிறேன். மச்சானும் வருகிறார். யானை பிரஷ் என் பையில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் எனக்கு உண்மையிலேயே காய்ச்சல் இருக்கிறதா இல்லையா என்பது இந்த நிமிடம் வரைக்கும் உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. இதைப் படிப்பது யாராக இருந்தாலும் சரி, பிள்ளையை என் கையில் கொடுப்பதற்கு முன்னால், தயவுசெய்து உங்கள் புறங்கையை ஒரு தடவை என் கழுத்தில் வைத்துப் பாருங்கள்.